வெயில் படாத மணல்

இரண்டாவது கண்டம் புட்டைப் பயறோடு பிசையும்போதுதான் பகவதியப்பன் அடுப்புப் பக்கம் பார்த்தான். பானையின் மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்த எவர்சில்வர் குழாயில், ‘3’ என்று எழுதிய பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கியது.

"ஏட்டி நாகம்மை, நம்ம புட்டுக்குழல் எங்க?"

"அத சொர்ணம்மாக்கா வாங்கிட்டுப் போயி ஒரு வாரமாச்சு. நீங்க நேத்து கொண்டாந்ததுல ஒண்ண எடுத்தேன். அடியில ஓட்டச் சிரட்டை வச்சேன். என்னமா வேகுது பாத்தியளா?"

"உள்ள மணல் இருந்திருக்குமே!"

"இருந்துது. முருங்கை மூட்டுல தட்டிட்டு, சாம்பல் போட்டு மூணு தடவ கழுவினேன். என்னத்துக்கு இப்படி முழிக்கிய? சுத்தமாத்தான் இருக்கு."

வாயில் இருந்த புட்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

பகவதியப்பன் கல்லூரி நிலவியல் துறையில் தற்காலிக உதவியாள். வயது முப்பத்தெட்டு, இது ஐந்தாவது வேலை. சுனிதா மேடத்தின் ஆய்வுக்காக நேற்றுக் கடற்கரையில் ஓராள் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரில் குழாய்களை அடித்து இறக்கி மணல் எடுத்திருந்தார்கள். கல்லூரிக்குத் திரும்பியபோது துறை பூட்டியிருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி ஒன்றுபோலக் கட்டிய மூன்று குழாய்களும் அவன் வீட்டுக்கு வந்தன.

மேடம் சொன்னதில் அவனுக்குப் புரிந்தது இவ்வளவுதான். புதைந்த நாளிலிருந்து மணல்துகள் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறது. ஆய்வகத்து இருட்டில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேர்த்ததையெல்லாம் மினுக்கமாக விட்டுவிடும். அந்த மினுக்கத்தை அளந்தால், அது வெயிலைக் கடைசியாகப் பார்த்து எத்தனை வருடம் என்று சொல்லிவிடலாம். வழியில் வெயில் பட்டால் எல்லாம் அழிந்து, வயது பூஜ்யம்.

"ஒரு குழாய் திறந்தாலும் நீங்க திங்கட்கிழமை வர வேண்டாம்" என்று மேடம் சிரிக்காமல் சொல்லியிருந்தார். அவனுடைய வேலையை நீட்டிக்கும் கடிதம் கையெழுத்தாகாமல் அவர் மேசையில் கிடந்தது.

முருங்கை மரத்தடிக்கு ஓடினான். அந்த மணலில் கோழி ஒன்று சிறகை விரித்துப் புரண்டுகொண்டிருந்தது.

"திரும்ப அள்ளிப் போடுங்க" என்றாள் நாகம்மை. "மணலுக்கு என்ன, வாய் இருக்கா காட்டிக் குடுக்க?"

"இருக்குட்டி. அது பேசுறதக் கேக்கத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும்."

ஒரே வழிதான் இருந்தது. குழி இன்னும் மூடவில்லை; அங்கேயே வேறு மணல் எடுத்து அடைத்துவிடலாம். கறுப்புக் கம்பளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கழுவிய குழாயோடு கடற்கரைக்குப் போனான். பகலில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு வள்ளமும் கடலில் இறங்காது என்பது கடற்கரை பழகாத அந்தத் தக்கலைக்காரனுக்கு நினைவில் இல்லை.

குழிக்குள் இறங்கிக் கம்பளியால் மூடிக்கொண்டு, உச்சி வெயிலில் வெந்தபடி குழாயை அடிக்க ஆரம்பித்தான். நாலாவது அடியில் மேலே குரல் கேட்டது.

"லேய், குழிக்குள்ள என்னமோ மூச்சு விடுது!"

"மணல் களவாங்க வந்தவனா இருக்கும். தூக்குலே அத!"

கம்பளி பறந்தது. தோண்டிய இடத்தில் வெயில் பளீரென்று விழுந்தது.

"போச்சு!" என்று அலறினான் பகவதியப்பன்.

"என்னடே போச்சு?" என்றான் சீட்டுக்கட்டைக் கையில் வைத்திருந்த அல்போன்ஸ்.

சொன்னான். புட்டிலிருந்து ஆரம்பித்ததால் அரைமணி நேரம் ஆனது. மீன் விற்கும் இசபெல் மட்டும் சிரிக்கவில்லை. பூசை முடிந்து வந்த சேலையோடு குழியின் ஓரத்தில் குந்தினாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்த சுனாமி அலை, அதுக்கு முன்ன எப்பமாவது வந்துச்சான்னு இந்த மண்ணு சொல்லுமா?"

"சொல்லலாம்."

"எத்தன வருசத்துக்கு ஒருக்கன்னும்?"

"அதுவும் தெரியலாம்."

இசபெல் எழுந்தாள். "ஏலே அல்போன்ஸ், வள்ளத்துத் தார்பாயை எடு. சீட்டு பொறவு."

இருபது பேர் குழியைச் சுற்றித் தார்பாயைப் பிடித்தார்கள். உள்ளே கும்மிருட்டு. அவன் குழியின் சுவரைப் புதிதாகச் சுரண்டினான்.

"தெக்க வெளிச்சம் வருது, இழுத்துப் பிடிங்கலே!"

குழியைச் சுற்றிச் சும்மா நிற்பது சரியில்லை என்று நினைத்து ஒருத்தி ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். வழியே போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "யாரு செத்தது?" என்று கேட்டார்.

"இன்னும் சாகல்ல" என்றான் அல்போன்ஸ். "உள்ள சுத்தியல் சத்தம் கேக்குல்லா."

கட்டைவிரலில் இரண்டு அடியும் குழாயில் மற்றதுமாக வேலை முடிந்தது. முனைகளை அடைத்து, பிளாஸ்டிக் சுற்றி மேலே ஏறினான். இசபெல் அவன் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"சரியா சொல்லச் சொல்லு மக்கா. வீட்ட எங்க கட்டணும்னு எங்ககிட்ட ஒருத்தனும் சொல்லமாட்டான்."

அந்தப் பேச்சுதான் அன்று ராத்திரி அவன் உறக்கத்தைக் கெடுத்தது. மூன்றாம் குழாய் எந்த ஆழத்தில் எடுத்தது என்பது அவனுக்குத் தெரியாது; கைக்கு எட்டிய இடத்தில் அடித்திருந்தான். ஆழம் மாறினால் வருடம் மாறும். தார்பாய் பிடித்த இருபது பேரும் தப்பான வருடத்தை நம்பி வீடு கட்டுவார்கள்.

திங்கட்கிழமை காலை மூன்று குழாய்களும் மேசையில் இருந்தன. எது வித்தியாசம் என்று யாராலும் சொல்லமுடியாது. ஜீப் டிரைவர் யோவான் பெட்டியில் அடுக்கக் காத்து நின்றான். கையெழுத்தாகாத கடிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

"மேடம், மூணாம் நம்பர் பொய்" என்றான் பகவதியப்பன். "கடைசியா வேற மணல எடுத்து அடச்சிருக்கேன். அத அனுப்பாதீங்க."

முழுவதையும் சொன்னான். கோழியைக்கூட விடவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புட்டு எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துது, மேடம்."

அவர் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யோவான், நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

"மூணாம் நம்பரா? அது குழியில எடுத்ததே இல்ல மக்கா" என்றான் யோவான். "வெயில் பட்ட மணலு பூஜ்யம் காட்டுதான்னு சரிபாக்க ஒரு குழாய் வேணும்னு மேடம் கேட்டாவ, நீ டீ வாங்கப் போன நேரத்துல, கரையில காஞ்சு கெடந்தத நான்தான் கையால அள்ளிப் போட்டேன்."