நூறு நாள் பச்சை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெருங்காரியம், பிலிப்பைன்ஸின் செபு நகரில் எங்கள் லிஃப்ட் கம்பெனி தன் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தானாகவே வெளியாகும்படி செய்ததுதான். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. நான் தரக்குழுச் செயலாளர்.

யாராவது ஒரு வரியைத் திருத்தினால் போதும். கணினியே சோதித்து, தொகுத்து, நாற்பது வினாடியில் எல்லா மெக்கானிக்குகளின் கைப்பேசிக்கும் அனுப்பிவிடும். தேறினால் சுவரில் பச்சை விளக்கு, தவறினால் சிவப்பு. தொண்ணூற்றொன்பது நாளாகப் பச்சை. நூறாவது நாளுக்கு முழுப்பன்றி வறுவலும் பாதிரியாரும் ஏற்பாடாகியிருந்தன. அன்று காலை பார்த்து விளக்கு சிவந்தது.

காரணம் ரோவீனா, கையேடு எழுதுபவள். செய்முறையை ஒரு மெக்கானிக் செய்து பார்த்துப் பெயர் போட்டால்தான் பக்கம் தேறும் என்று ஒரு சோதனையைச் சேர்த்து வைத்திருந்தாள்.

“மெக்கானிக் நெஸ்தோர் அண்ணன் போஹோல் தீவுல வேலையா இருக்கார் சார். வியாழக்கிழமை வந்து செஞ்சு பாக்கட்டும். புது கதவு மோட்டார், கை மாட்டிக்கும்.”

“வியாழக்கிழமை வரைக்கும் பன்னி தாங்குமா?” என்றார் மேலாளர் ரொமுலோ. “ஒரு ஆளோட பேருக்காகக் காத்துக் கெடக்குறதுக்குப் பேரு ‘தானியங்கி’யா, மேடம்?”

பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்தச் சோதனையைத் ‘தற்காலிக ஓய்வில்’ வைத்தேன். ஒரே சொடுக்கு. பச்சை.

பாதிரியார் புனித நீரோடு வந்தார். “மிஷின் எங்கப்பா?”

“சிங்கப்பூர்ல இருக்கு, ஃபாதர்.”

“அப்ப நான் எது மேல தெளிக்கிறது?”

“விளக்கு மேல தெளிங்க, போதும்.”

தெளித்தார். கைதட்டினோம்.

அதற்குள் பக்கம் போஹோலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நெஸ்தோர் கையேட்டை மதிப்பவர், அங்கிருந்த அதே புது மோட்டாரில் அதில் இருந்தபடியே செய்தார். மூடியைக் கழற்றி மோட்டார் பெல்ட்டைப் பிடிக்கச் சொன்னது ஐந்தாவது படி. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது ஆறாவது. ஐந்திலேயே இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆக, ரோவீனா கேட்ட சோதனையும் அன்றே நடந்து முடிந்தது. செய்தி வந்ததும் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

படிகளை இடம் மாற்றினோம். நாற்பது வினாடி. மறுபடியும் பச்சை.

மறுநாள் விசாரணைக் கூட்டம். “சோதனையை எடுத்தது யாரு?” என்று ரொமுலோ சார் ரோவீனாவைப் பார்த்தார்.

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். கணினி யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. பத்து மணி பதினேழு நிமிடம், பக்கத்தில் என் பெயர். என்ன நேர்மை! ரொமுலோ சார் என்னைப் பார்த்ததைக் குறிக்க மட்டும் அதில் வசதி இல்லை. இருந்தாலும், சொடுக்கிய விரல் என்னுடையது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.