ஆட்டுவால் கொழுப்பும் வெள்ளிக்கிழமை ஃபாத்திஹாவும்

ஷுப்ரா, கெய்ரோ
சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் ஹாஜி ரிஃபஅத் அவர்களுக்கு, உங்கள் தங்கை இஹ்ஸானின் கணவன் அப்துஷ்ஷாஃபி ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் மன்சூராவில் எருமைகளின் நலத்தையும் அறிய ஆவல்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நம் மகள் நிஹாலைப் பேசி முடித்து ஃபாத்திஹா ஓத மருந்துக்கடை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய்மாமன் நீங்கள் இல்லாமல் எப்படி? போன தடவை நடந்ததைக் கேட்டு நீங்கள் தயங்குவதாக இஹ்ஸான் சொன்னாள். ஆகவே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாளன்று நிஹாலுக்கு முதல் வரன் வந்தது. எங்கள் கட்டடம் ஆறு மாடி, நாங்கள் தரைத்தளம். மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் குர்பானி ஆட்டின் கனத்த வால் கொழுப்பை உருக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றி, மேலே ஒரு கெண்டி வெந்நீரும் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். கீழே வருவதற்குள் சூடு ஆறி, அது எங்கள் வீட்டுக் குழாயில் மெழுகாக உறைந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மாப்பிள்ளையின் தாயார் ஷர்பத் தம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, அண்டை வீட்டுச் சோறும் சாறும் அழுக்குத் தண்ணீரோடு கூடத்துக்கே வந்து சேர்ந்தன. "இங்க சம்பந்தம் பண்ணா எம் புள்ளைக்குப் படகுல்ல வாங்கிக் குடுக்கணும்!" என்று எழுந்து போனாள், மச்சான். நிஹால் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

குழாய்க்காரர் உஸ்தா ஷஹாத்தா கம்பி விட்டு என் கை நீளத்துக்கு வெள்ளையாக ஒன்றை இழுத்துப் போட்டார். "வெந்நி ஊத்துனா கொழுப்பு ஒழிஞ்சிடும்னு எவன்யா சொன்னான்? நாலடி தள்ளிப்போய்ப் படுத்துக்கும், அவ்ளோதான். ஆறவிட்டு டப்பாவுல கொட்டுங்க. தட்டை காகிதத்தால தொடச்சிட்டுக் கழுவுங்க" என்றார். நானும் மாடி மாடியாக ஏறி இறங்கி, கொழுப்பை நெய் டின்னில் அடைத்து எங்கள் வீட்டில் கொடுங்கள், சோப்புக்காரன் மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போவான் என்றேன். நாலாம் மாடி அஃப்கார் அம்மாள் சண்டைக்கே வந்தாள். "என் வீட்டுத் தொட்டி, என் கொழுப்பு. உமக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு இல்லம்மா, எம் பொண்ணுக்கு வலிக்குது" என்றேன். மறுநாள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு டின் கொண்டுவந்து வைத்தாள். இப்போது எங்கள் சமையலறையில் பதினொரு டின் இருக்கிறது. குழாய் சுத்தம். தைரியமாக வாருங்கள். பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
அப்துஷ்ஷாஃபி

பி.கு: திங்கட்கிழமை. கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை; நல்லதாயிற்று. மருந்துக்கடை மாப்பிள்ளையின் தாயார் சும்மா ஒரு டீ குடிக்க வருவதாக இன்று காலை போன் செய்தாராம். நான் முடிவெட்டப் போயிருந்தேன். வீடு கசாப்புக்கடையாக நாறுகிறதே என்று உங்கள் தங்கை பதினொரு டின்னையும் அடுப்பில் உருக்கி, எங்கள் தொட்டியிலேயே ஊற்றிவிட்டாள். கேட்டால், "சும்மாவா ஊத்துனேன்? கொதிக்கக் கொதிக்க வெந்நி விட்டேனே!" என்கிறாள். ஆறு மாடித் தண்ணீரும் திரும்பி வந்துவிட்டது. நான் வந்தபோது அந்தச் சம்பந்தியம்மாள் வாசலில் நிற்கிறார், நிஹால் கணுக்கால் தண்ணீரில் அழுதுகொண்டே துடைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, "நாங்களும் தரைத்தளந்தான்டி. அழாத, அந்த வாளிய இப்படிக் குடு" என்று இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை உறுதி, அவசியம் வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வந்த இடத்தில் வாயைத் திறந்துவிடாதீர்கள். யார் ஊற்றியது என்று கேட்டு அஃப்கார் அம்மாள் தலைமையில் ஆறு மாடியும் படிக்கட்டில் நிற்கிறது. தீவிரமாக விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.