தொடையில் ஒரு கரும்புள்ளி

வலது தொடையில் ஒரு கரும்புள்ளி இருந்தது.

திரையில் தெரிந்த தன் எலும்புக்கூட்டை ஒபிரி எட்டிப் பார்த்தார். குமாசி நகரத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் காலையில் ஊசி போட்டு, ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, இப்போது படம் எடுத்திருந்தார்கள்.

"தம்பி, அது என்ன கறுப்பா?"

படம் எடுக்கும் அடோம் வேலைக்குப் புதிது.

"ஊசி மருந்து எங்க சேருதோ அங்க கறுப்பாத் தெரியும்ப்பா. மிச்சம் ஒன்னுக்குல போயிடும். நல்லா தண்ணி குடிச்சுட்டுப் போய்ட்டு வாங்க. திரும்ப எடுத்துப் பாக்கலாம்."

வெளியே மனைவி செர்வா காத்திருந்தாள். "என்னவாம்?"

"தொடைக்கு வந்துடுச்சு, செர்வா."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் கவிழ்த்தாள். "குடிங்க. எல்லாத்தையும் கழுவிட்டுப் போவட்டும்."

கழிவறையில் அவருக்குக் கை கால் எல்லாம் உதறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது படத்தில் முழங்காலிலும் ஒரு புள்ளி.

"அதுக்குள்ள முழங்காலுக்கா?" என்றார் ஒபிரி. "சந்தை நெரிசல்ல என் வண்டிகூட இவ்ளோ வேகமாப் போனதில்லையே!"

செர்வா இன்னொரு பாட்டில் வாங்கி வந்தாள். இந்த முறை கழிவறையில் நிற்கவே முடியவில்லை, அப்படி ஒரு நடுக்கம்.

மூன்றாவது படத்தில் கணுக்கால்.

ஒபிரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போனப்புறம் வண்டிய உன் தம்பிகிட்ட மட்டும் குடுத்துடாத."

"அவன் உங்கள விட நல்லாத்தான் ஓட்டுவான்," என்று சொல்லிவிட்டுச் செர்வா விம்மி அழுதாள்.

அடோம் ஓடிப்போய் டாக்டர் அஃப்ரியேயை அழைத்து வந்தான். அந்த அம்மாள் மூன்று படங்களையும் பார்த்தார். ஒபிரியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு ஒரு வெள்ளை அங்கியை நீட்டி, உடுப்பை மாற்றச் சொன்னார்.

கடைசி உடுப்பு இதுதான் என்று ஒபிரி நினைத்துக்கொண்டார். மாற்றிக்கொண்டு படுத்து, கண்களை இறுக மூடினார். இயந்திரம் மெல்ல மேலே நகர்ந்து நின்றது.

"சொல்லிடுங்க டாக்டர். எதுவரைக்கும் பரவியிருக்கு?"

"எலும்புல எங்கயுமே பரவல, பெரியவரே, பரவினது பூரா உங்க கால்சட்டைலதான்."