முறிகண்டி வரைக்கும் உத்தரவாதம்

"சனி. நல்ல வெயில். மத்தியானத்துக்கு முன், 'வரைக்கும் அண்ணை'யின் கார் சேல் வளவில் இரண்டு சண்டை. இரண்டிலும் அவருக்குத்தான் தோல்வி. மத்தியானத்துக்குப் பிறகு மூன்றாவது சண்டை முறிகண்டியில்."

என் நாட்குறிப்பில் ஒரு சனிக்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. புதியது வராது என்றானதும் பழைய வாகனங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை வந்துவிட்டது. கோழி அடைகாத்த கார்களைக்கூட ஆட்கள் கழுவித் துடைத்து வீதிக்குக் கொண்டுவந்தார்கள்.

வரைக்கும் அண்ணையைத் தெரியாதவர்களுக்கு ஒரே வசனத்தில் சொல்வதென்றால்: ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரை ஏ-9 வீதியில் ஓடுகிற பழைய வாகனங்களில், அவரோடு ஒருமுறையாவது சண்டை பிடிக்காத ஒருவருடைய வாகனத்தை நீங்கள் காட்டினால், அது பொலிஸ் ஜீப்பாகத்தான் இருக்கும்.

கிளிநொச்சியில் அவர் பழைய வாகனம் விற்கும் கார் சேலுக்குப் பக்கத்தில்தான் என் போட்டோக்கொப்பிக் கடை. வாகனம் வாங்குகிறவர்கள் பத்திரம் கொப்பி எடுக்கச் சிரித்துக்கொண்டு வருவார்கள். சில நாள் கழித்து அதே ஆட்கள் சிரிக்காமல் வருவார்கள். இரண்டு வருகையையும் திகதி போட்டுக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு. அதனால் நான் சொல்வதில் மிகைப்படுத்தல் கொஞ்சம் இருந்தாலும் பொய் இல்லை.

முதலில் லேடி டொக்டர்மார் விஷயம். அவர் விற்கும் ஒவ்வொரு காரும் முன்பு ஒரு லேடி டொக்டரிடம் இருந்ததுதான்.

"இது ஒரு லேடி டொக்டர் வைச்சிருந்தது. வீட்டிலயிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலயிருந்து வீடு. வேற ஒரு இடமும் போகேல்லை. கோயிலுக்குக் கூட நடந்துதான் போறவா."

இந்த வசனத்தை நான் கேட்ட தடவைகளைக் கூட்டிப் பார்த்தால், வன்னியில் நோயாளிகளைவிட லேடி டொக்டர்மார்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும். ஒருமுறை மண் ஏற்றும் ரிப்பர் லொறி ஒன்றைக் காட்டியும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டார். பாதியில் வாகனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவவின்ர புருசன்ர," என்று முடித்தார்.

அடுத்தது, அவருடைய வாகனங்களுக்குக் குறையே கிடையாது. இருப்பதெல்லாம் குணம். வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வாங்கிப் போன காரோடு மறுநாளே வந்து நின்றார்.

"அண்ணை, இடப்பக்கம் சிக்னல் போட்டா ஹோர்ன் அடிக்குது."

"நல்லதுதானே தம்பி. ஆக்கள் விலகுவினம்."

"அப்ப வலப்பக்கம் போட்டா ஒண்டும் அடிக்கேல்லையே?"

"வலப்பக்கத்துக்கு நீங்கள் அடியுங்கோ. எல்லாத்தையும் காரே செய்யவேணும் எண்டா நீங்கள் ஏன் உள்ளுக்கு?"

இப்படிக் கதைத்துக்கொண்டே அவர் பொனற்றைத் திறந்து வயரைத் தேடத் தொடங்கிவிடுவார். அதுதான் அவருடைய வித்தை, அல்லது வியாதி. வாயால் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். வாய் சண்டை பிடித்துக்கொண்டிருக்கக் கை திருத்திக்கொண்டிருக்கும். வந்தவர் திட்டி முடிப்பதற்கும் ஹோர்ன் அடங்குவதற்கும் சரியாக இருக்கும். வாயும் கையும் ஒரே ஆளுடையவைதானா என்ற சந்தேகம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். ஏ-9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது. சாரதி இறங்கிக் கால் முகம் கழுவித் தேங்காய் உடைத்துத் திருநீறு பூசி, ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறுவார். இந்த வழக்கத்தின் மேல்தான் அண்ணை தன் உத்தரவாதத்தைக் கட்டியிருந்தார். வாகனத்தோடு ஒரு தேங்காயும் கொடுப்பார்.

"முறிகண்டி வரைக்கும் நான் பொறுப்பு. அங்க இந்தத் தேங்காயை உடையுங்கோ. அதுக்குப் பிறகு பிள்ளையார் பொறுப்பு. அவரிட்ட உள்ள ஆள்பலம் என்னட்ட இல்லை."

ஆனையிறவுப் பக்கத்து ஆட்கள் வடக்கே போக வேண்டியவர்கள். அவர்களையும் முதலில் தெற்கே முறிகண்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக விடுவார். இப்படித்தான் அவர் 'வரைக்கும் அண்ணை' ஆனார். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கலாம். நான் கேட்டதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்று இருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு போதகர். கார் வாங்கி ஒரு வருடம் கழிந்து, ஸ்ரேரிங் ஆடுகிறது என்று வந்தார்.

"பாஸ்டர், முறிகண்டி தாண்டி எவ்வளவு காலம்!"

"தாண்டினனான், ஓம். ஆனா தேங்காய் உடைக்கேல்லை. நாங்கள் உடைக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே. அப்ப பொறுப்பு இன்னும் உம்மட்டத்தானே இருக்கு?"

அண்ணை நெடுநேரம் யோசித்தார். நியாயத்தில் பிழை தெரியவில்லை. ஸ்ரேரிங்கைத் திருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து போதகரை எங்கே கண்டாலும் கெஞ்சுவார்: "உடைக்க வேண்டாம் பாஸ்டர். இறங்கி ஒரு கச்சானாவது வாங்குங்கோவன். அதை நான் கணக்கில எடுக்கிறன்." போதகர் கடைசிவரை கச்சான் வாங்கவில்லை. அந்தக் காரில் இப்போது நான்கு ரயரைத் தவிர எல்லாம் அண்ணையின் செலவுதான்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

உடையார்கட்டிலிருந்து லெட்சுமி அக்கா ஒரு நீல வான் வாங்க வந்திருந்தார். அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தர்மபுரத்துக்கு வந்து குடியேறியவர்கள். சாதாரணமாகக் கதைக்கும்போது எங்களைப் போல 'ஓம்' என்பார். கோபம் வந்தால் தோட்டத்துத் தமிழ் வந்துவிடும். உழவு மெசின் ஓடிப் பழகிய கை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு அந்தப் பக்கத்துத் தாய்மாரோடு கதைத்து வைத்திருந்தார். தவணை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அன்று வான் வராவிட்டால் பிள்ளைகளை ஏற்ற வேறொரு வான்காரர் தயாராக நின்றார். "பொம்பிளை வான் ஓடப்போறாவோ?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

முறிகண்டிப் பக்கம் எனக்கும் ஒரு அலுவல் இருந்தது. அதனால் அவரோடு அந்த வானிலேயே போனேன். வான் நன்றாகத்தான் ஓடியது. கோயிலடியில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டாமலே இறங்கினார்.

"நிப்பாட்டினா திரும்ப எழும்புமோ தெரியாது ஐயா. பழசுதானே," என்றார்.

கால் முகம் கழுவிவிட்டு வந்து, கும்பிட்டு, அண்ணை கொடுத்த தேங்காயை ஓங்கி எறிந்தார். தேங்காய் உடையவில்லை. துள்ளி உருண்டு ஒருவருடைய செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. எடுத்து வந்து மறுபடி எறிந்தார். மறுபடியும் உடையவில்லை. நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை கையை ஓங்கியபோது பின்னால் ஒரு இருமல் சத்தம் கேட்டது. வான் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. பிறகு நாங்கள் எவ்வளவு முயன்றும் எழும்பவில்லை.

நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன். தன் சொந்த வானில் வந்து இறங்கினார். அதுவும் அதே ரக வான்தான், நிறம் மட்டும் வேறு. விற்பனைக்கு இல்லை. விலை கேட்டவர்களிடம், "அது வீட்டு ஆள்," என்று சொல்லி அனுப்பிவிடுவார். வந்தவர் முதலில் கோயிலைப் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, முறிகண்டி வந்திட்டுது. என்ர பொறுப்பு முடிஞ்சுது."

"வந்துருச்சு. யாரு இல்லைன்னது? ஆனா புள்ளையாரு இன்னும் பொறுப்பெடுக்கலயே அண்ணே. தேங்கா ஒடையல!"

"உடையாட்டி அது தேங்காயின்ர குறை. வானின்ர குறையில்லை."

"தேங்கா யாரோடது?"

அண்ணை அவர் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார்.

"நீங்க குடுத்ததுதானே? வானும் உங்களோடது, தேங்காயும் உங்களோடது. ரெண்டும் வேலை செய்யல!"

கச்சான் கடைப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. கச்சான் வறுத்துக்கொண்டிருந்த அம்மா, அகப்பையை நிறுத்தாமலே கேட்டார்: "ஏன் தம்பி, தேங்காயும் லேடி டொக்டரிட்ட இருந்ததோ?"

அண்ணையின் புகழ் முறிகண்டி வரைக்கும் வந்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணை விடவில்லை. கடைக்குப் போய் நல்ல தேங்காயாக ஒன்று பார்த்து வாங்கி வந்து நீட்டினார். "இந்தாங்கோ. இதை உடையுங்கோ. பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார்."

லெட்சுமி அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாட்டேன். வான் சொந்தக்காரிதானே ஒடைக்கணும்? நான் ஒடைக்க மாட்டேன். ஆயுசுக்கும் ஒடைக்க மாட்டேன்."

"அப்ப நான் ஆயுசுக்கும் பொறுப்போ?"

"ஓம்!"

கோபத்துக்கு நடுவில் அந்த ஒரு 'ஓம்' மட்டும் எங்களூர்த் தமிழில் வந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டாத குறை. போதகரிடம் தோற்ற அதே சட்டத்தில் மறுபடியும் தோற்றதை அண்ணை புரிந்துகொண்டார். இருந்தாலும் வாய் அடங்கவில்லை. "ஆம்பிளையள் வாங்கின வான் ஒண்டும் இப்பிடி நிக்கேல்லை..." என்று எதையோ தொடங்கினார்.

லெட்சுமி அக்கா கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"திங்கக்கெழம காலையில புள்ளைங்க எல்லாம் பையை மாட்டிக்கிட்டு ரோட்டோரத்துல நிக்கும் அண்ணே. நான் போகலைன்னா அந்தாளு ஏத்திட்டுப் போயிருவாரு. பெறகு எந்தத் தாயும் என்னை நம்பிப் புள்ளைய அனுப்ப மாட்டா. அவரு சிரிக்கிறதுகூடப் பரவாயில்ல. அவரு சொன்னது சரியாப் போயிருமே."

அண்ணை தன் வானுக்குள் இருந்து கயிற்றை எடுத்து வந்து, குனிந்து, நீல வானை அதன் பின்னால் இழுத்துப் போகக் கட்டினார். கிளிநொச்சி வரும்வரைக்கும் லேடி டொக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "டீசல் பம்ப் போயிட்டுது. சாமான் ஒண்டும் வாறேல்லை இப்ப. கொழும்பில தேடிப் பிடிக்கவே கிழமைக்கணக்காகும்."

"வவுனியாவில ஒரு பெடியனிட்ட இருக்கு. நான் பாக்கிறன்," என்றார் அண்ணை.

மறுநாள் ஞாயிறு. பொங்கலுக்குக்கூட மூடாத தன் கேற்றை அண்ணை அன்று மூடியிருந்தார். உள்ளே தட்டுகிற சத்தமும் மெக்கானிக்கோடு சண்டை பிடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. பின்னேரம் கேற் திறந்தது. நீல வான் வெளியே வந்து, ஒரு இருமல்கூட இல்லாமல், உடையார்கட்டுப் பக்கம் போனது.

திங்கள் காலை என் போன் அடித்தது. லெட்சுமி அக்கா.

"எல்லாப் புள்ளைங்களும் ஏறிருச்சு ஐயா. ஒரு புள்ள சீட்டுல வாந்தியும் எடுத்துருச்சு. இனி இது நெசமாவே நம்ம வான்தான்!"

செய்தியைச் சொல்ல வெளியே வந்தேன். வழக்கமாகத் தன் வானில் வருகிற அண்ணை சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணை, வீட்டு ஆள்?"

"பெயின்ற் அடிக்கப் போறன். பின்னுக்கு நிக்குது," என்றார். பிள்ளைகள் ஏறிய கதையைச் சொன்னேன். "வாந்தி எடுத்ததுக்கும் நான்தான் பொறுப்போ?" என்று கேட்டுவிட்டு, மேசையைத் துடைப்பதுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தேங்காய் இன்றுவரை உடைபடவில்லை. லெட்சுமி அக்கா ஒவ்வொரு பள்ளித் தவணையும் வானைக் கொண்டுவருவார். அண்ணை வாயால் சண்டை பிடித்துக்கொண்டே கையால் எண்ணெய் மாற்றிக் கொடுப்பார். இறக்குமதி மறுபடி தொடங்கிவிட்டது. பளபளக்கும் வாகனங்கள் ஏ-9 இல் ஓடுகின்றன. அண்ணை இன்னும் சைக்கிளில்தான் வருகிறார். அவருடைய வான் வளவின் பின்பக்கத்தில் தறப்பாள் சீலையால் மூடியபடி நிற்கிறது. பெயின்ற் இன்னும் வாங்கவில்லை.

வவுனியாவுக்குப் போன நேரங்களில் பழைய சாமான் கடைகளில் விசாரித்தேன். டீசல் பம்ப் கொடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதால் கொடுக்கவில்லை என்று எழுத முடியாது. மெக்கானிக்கைக் கேட்டேன். "அதை அவரிட்டயே கேளுங்கோ," என்றார். அவரிடம் கேட்டேன். "வவுனியாப் பெடியன் இப்ப கனடாவில," என்றார்.

தறப்பாளை விலக்கிப் பொனற்றைத் தூக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் ரீ குடிக்கப் போகும்போது வளவில் யாரும் இருப்பதில்லை. இருந்தும் அந்த டீசல் பம்ப் எங்கிருந்து வந்தது என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை என்றே குறித்து வைத்திருக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும், கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய், அந்தத் தறப்பாளை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு வருவேன்.