ரசம் குடித்தவர்கள் கை உயர்த்தவும்

வீடு பற்றி எரிந்தாலும், "முதலில் எந்த மூலை பிடித்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் அப்போதிக்கரி ஐயா. நெடுந்தீவு அரசாங்க மருந்தகத்தில் அவர் வைத்தியம் பார்த்தார். நான் மருந்து கலந்தேன். எவ்வளவு அவசரமாக ஓடி வந்தாலும் "ஆறுதலாச் சொல்லும்" என்று எல்லோரிடமும் சொல்வதால் ஊர் அவருக்கு 'ஆறுதலய்யா' என்று பெயர் வைத்திருந்தது.

பல்லைப் பிடுங்கச் சொல்லி அலறிக்கொண்டு வந்த ஒருவரை, எந்தப் பக்கம் சரிந்து படுத்தார், எங்கே படுத்தார் என்று விசாரித்தே கொன்றார். கடைசியில் காதுக்குள் இருந்து ஓர் எறும்பை எடுத்தார். பல் தப்பியது.

ஒருநாள் கலியாண வீடொன்றிலிருந்து ஆள் ஓடி வந்தது. மாப்பிள்ளை பகுதி இறுப்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்திருந்தது. தாலி கட்டி, பந்தி முடிந்து, வெற்றிலை போடும்போது வரிசையாக வாந்தி!

ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். ஏறி ஓடினால் யோசிக்க ஏலாதாம்.

அங்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் குதித்துக்கொண்டிருந்தார். "நஞ்சு வைச்சிட்டாங்கள்! மாப்பிள்ளையை வள்ளத்தில ஏத்துங்கோ. பொம்பிளை இஞ்சையே கிடக்கட்டும்!"

பெண்ணின் தகப்பன் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார்.

ஐயா ஒவ்வொருவராக நாடி பார்த்தார். உயிருக்கு மோசமில்லை என்று கண்டதும் என்னை மருந்து கொடுக்க விட்டுவிட்டு, ஒரு கதிரை கேட்டு வாங்கி அதில் உட்கார்ந்தார்.

"சத்தி எடுத்தவை வேம்புக்குக் கீழ போங்கோ. எடுக்காதவை பந்தலுக்குள்ள நில்லுங்கோ. பருப்பு சாப்பிட்டவை கை உயர்த்துங்கோ."

இரண்டு பக்கமும் கை உயர்ந்தது. கத்தரிக்காய்க்கும் அப்படியே. பாயாசத்துக்கும் அப்படியே.

"ஐயா, ஆக்கள் சாகினம், நீங்கள் சமையல் கேக்கிறியள்!" என்று மாமன் கத்தினார்.

"ஆறுதலா இரும். ரசம்?"

வேம்பின் கீழே எல்லாக் கையும் உயர்ந்தது. பந்தலுக்குள் ஒரே ஒரு கை. மாமனுடையது.

"நானும் வடிவாக் குடிச்சனான். எனக்கு ஒண்டும் செய்யேல்லையே..." என்றவர், வசனத்தை முடிக்காமல் வேம்படிக்குப் பறந்தார்.

ஐயா குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ரசம் வைத்த பித்தளைக் கிடாரத்தின் உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து போயிருந்தது. காலையிலிருந்து புளி அதற்குள் ஊறி, பித்தளைக் களிம்பு ரசத்தில் இறங்கியிருக்கிறது. விளிம்பில் கிடாரத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் வெட்டியிருந்தது. மாமனேதான்! பெரிய கிடாரம் தேவையென்று அவர்தான் முதல் நாளே வள்ளத்தில் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஐயா, அந்தப் பெயர் தெரிந்த பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒருத்தரும் நஞ்சு வைக்கேல்லை. கிடாரத்தில ஈயம் தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

வேம்படியிலிருந்து மாமன் முனகினார். "ஆருடைய கிடாரம்?"

"அது வைத்தியத்துக்குத் தேவையில்லாத கேள்வி" என்றார் ஐயா.

அடுத்த நாள் வள்ளத்தில் பெண்ணும் ஏறினாள். நடக்க ஏலாத மாமன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

பிறகு எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. அங்கே கெட்டிக்கார டொக்டர்மார் நிறையப் பேர். ஆனாலும் காய்ச்சல் வந்தால் நான் நெடுந்தீவுக்குத்தான் வள்ளம் ஏறுவேன். நடுக்கடலிலேயே காய்ச்சல் விட்டுவிடும். இருந்தாலும் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.