இருபத்தொன்றாம் நம்பர் ஸ்பானர்

பத்மினி காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நுஃமான் இடுப்பில் கைவைத்து நின்றார். வண்டி நாலைந்து முறை இருமி அடங்கிவிட்டது. விடிந்தால் தொண்டியில் கொழுந்தியா மகள் அஸ்பியாவுக்கு நிக்காஹ்.

"பிளக்குதான். வேற ஒண்ணுமில்ல," என்றார்.

"வேனுக்குச் சொல்லிரவா மச்சான்?" என்று வாசலில் நின்று கேட்டாள் மனைவி அஃபீஃபா.

"சொந்தக் காரு நிக்கையில வாடகை வேன்ல போயி இறங்குனா தொண்டிக்காரன் என்ன நினைப்பான்?"

நுஃமான் சவூதியில், தம்மாமில் கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டராக இருந்தவர். கீழக்கரைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் திருவாடானையில் ஒரு வாத்தியாரிடம் இந்தப் பழைய காரை வாங்கினார். போன மாதம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போய் வந்தார். பாம்பன் பாலத்தில் ஒரு பஸ்ஸையும் மீன் லாரியையும் ஒரே மூச்சில் முந்தியபோது காருக்குள் யாரும் வாயே திறக்கவில்லை. தன் ஓட்டத்தில் எல்லாரும் சொக்கிப் போய்விட்டார்கள் என்று அவருக்கு இன்றைக்கும் பெருமை. மாமியார் மட்டும் கண்ணை மூடி சலவாத் ஓதிக்கொண்டே வந்தார். ரொம்பப் பக்தியான மனுஷி.

எதிர்ச்சாரியில் காளிராஜின் மெக்கானிக் ஷெட். நுஃமான் நேரே அங்கே போனார்.

"நான் வந்து கழட்டித் தாரேன் பாய்," என்றான் காளிராஜ்.

"கப்பலுக்கே பைப் மாட்டுன கைடா இது. ஸ்பானர மட்டும் குடு."

காளிராஜ் அவர் தோளுக்கு மேலே அவர் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு ஸ்பானரை எடுத்து வந்தான்.

அது பிளக்கின் தலையில் ஏறவே மறுத்தது. திரும்பிப் போனார்.

"பழைய வண்டில்ல பாய், பெரிசாத்தான் இருக்கும்," என்று காளிராஜ் வேறொன்றைக் கொடுத்தான். அது தொளதொளவென்று ஆடியது. நுஃமான் இடுக்கில் துணியைச் சுற்றி ஒரு திருகு திருகினார். ஸ்பானர் வழுக்கியது. விரல் முட்டியில் தோல் போனது, பிளக்கின் விளிம்பு மழுங்கியது, துணி உள்ளே மாட்டிக்கொண்டது.

துணியைப் பிடுங்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றை வாங்கி வந்தார். அது அளவில் கிட்டத்தட்டச் சரி, ஆனால் நீளம் கட்டை. ஓங்கி அழுத்தியதும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் 'டிக்'கென்று உடைந்தது. இதுவரை இருமவாவது செய்த வண்டி, இனி அதுவும் செய்யாது.

அஃபீஃபா தேத்தண்ணி கொண்டு வந்தாள். "வேன்காரக் கனி அண்ணன் நாளைக்குச் சும்மாத்தான் இருக்காராம்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"சும்மா கேட்டு வச்சேன்."

நுஃமான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ராமநாதபுரம் பஸ் ஏறினார். உதிரிபாகக் கடையில் புது பிளக் நாலும் கிடைத்தன. ஸ்பானர்தான் இல்லை.

"இதுக்கு இருபத்தொண்ணு வேணும்ணே. இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் பதினாறுதான். இருபத்தொண்ண யாரு கேக்குறா?" என்றார் கடைக்காரர்.

திரும்பியதும் காளிராஜிடம் கேட்டார். "இருபத்தொண்ணு இருக்கா?"

"அப்படி ஒரு நம்பரயே நான் கண்ணால பாத்ததில்ல பாய்," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

நுஃமான் கொஞ்ச நேரம் புது பிளக்கையே உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தார். விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறை அங்கே இருந்தது. கழித்துப் போட்ட இரும்புக் குழாய் ஒன்றைப் பொறுக்கி, முனையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பிளக் அளவுக்கே தலையுள்ள போல்ட்டின் மேல் ஏற்றிச் சுற்றிலும் அடித்தார். ஆறு பட்டையும் அச்செடுத்தாற்போல் விழுந்தன. மறுமுனையில் ஓட்டை போட்டுக் கம்பியைக் கோத்தார். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினார். குழாய் பிளக்கைக் கவ்வியது. மூச்சைப் பிடித்து ஒரு நெட்டு. 'கிரீச்'சென்று அசைந்தது. மற்ற மூன்றும் சொன்ன பேச்சுக் கேட்டன. புது பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருகியதும் பத்மினி புத்தம் புதுசு போல உறுமியது. தெருவே எட்டிப் பார்த்தது. முட்டியில் ரத்தம், சட்டையெல்லாம் கரி. ஆனாலும் அந்த நேரத்தில் கீழக்கரையில் அவரை விட நெஞ்சு நிமிர்ந்த ஆள் யாரும் இல்லை.

மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மெதுவாகத் தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்தார். அஃபீஃபா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் அவள் வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. திரையில் காளிராஜ். இந்த வெற்றியை அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று நுஃமானே எடுத்தார். வாயைத் திறப்பதற்குள் அவன் குரல் முந்திக்கொண்டது.

"அக்கா, நீங்க சொன்னபடி தப்புத் தப்பாத்தான் பாத்துப் பாத்துக் குடுத்தேன், பாய் சொந்தமா ஒண்ணு அடிச்சுட்டு வந்துட்டாரு, இனி அந்த பிரேக்கக் கழட்டுறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல, ஆனா அவரு ஓட்டயில அதத் தொடுறதே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."