கடலுக்கு வேலி போட்ட மட்டம் ஐயா

கடவுள் படைத்தவற்றில் கடலைத் தவிர வேறெதையும் மட்டம் ஐயா ஒப்புக்கொண்டதில்லை. மற்றதெல்லாம் சரிந்திருக்கிறது என்பது அவருடைய முடிவு.

மன்னாரில் நான் செய்தியாளனாக இருந்தபோது, விடுதியில் அவர் பக்கத்து அறை. அரசாங்க நீர்ப்பாசனப் பொறியியலாளர். மேசன்மார் சுவரில் வைத்துப் பார்க்கும், குமிழி ஓடும் மட்டம் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். கட்டிலில் வைப்பார். கதிரையில் வைப்பார். ஒரு கலியாணத்தில் மணவறையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைப் பக்கம் தாழுது" என்றார். பெண் வீட்டார் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் தூரத்துக் கப்பலொன்றில் கசிந்த எண்ணெய் காற்றோடு மன்னார்த் தீவை நோக்கி வந்தது. எருக்கலம்பிட்டிப் பக்கத்துக் கண்டல் மரச் சதுப்புக்குள் அது நுழைந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் போய்விடும். கரையோரம் பல அடுப்புகள் அணைந்துவிடும். சதுப்புக்குள் கடல் நுழையும் கழிமுகத்தை மறிக்கும் பொறுப்பு ஐயாவின் தலையில் விழுந்தது. கொழும்பிலிருந்து தடுப்பு மறுநாள்தான் வரும். எண்ணெயோ பின்னேரமே வந்துவிடும்.

ஐயா பக்கத்து மீனவக் கிராமமான கீரியில் கோயில் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "கடலில பூம் போடப்போறம். எல்லாரும் உடனே கரைக்கு வாங்கோ."

அவர் படித்த புத்தகத்தில் பூம் என்றால் மிதக்கும் தடுப்பு. கீரியில் அது வேறு சத்தம். சற்று நேரத்தில் கரை வெறிச்சோடியது. சனம் பாயும் சட்டியுமாக வீதியில் நின்றது. படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டியார் மட்டும் வந்தார்.

"ஐயா, குண்டு போட்டால் எண்ணெய் செத்துப்போகுமோ?"

"குண்டில்லை, பூம். தண்ணியில மிதந்து எண்ணெயை மறிக்கும்."

"அதுக்குத் தமிழில வேலி எண்டு பேர்."

"ஓம், வேலிதான்."

"அதைச் சொல்லியிருக்கலாமே. சனம் பாயோட நிக்குது."

ஐயா மறுபடி ஒலிபெருக்கியில், "வேலி போடப்போறம்" என்றார். ஊரே திரண்டது. வேலி என்றால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய வலைகளைப் பைபோலத் தைத்து, நெல் விளையும் முசலியிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்த வைக்கோலை அடைத்தார்கள். கீரியாரும் எருக்கலம்பிட்டியாரும் எதிரெதிரே நின்று இழுத்துக் கட்டினார்கள்.

"வேலியை எங்கட பக்கம் தள்ளுறியள்."

"கடலுக்குக் காணி உறுதி வைச்சிருக்கிறியளோ?"

ஐயா நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மிதந்த வேலியின் மேல் மட்டத்தை வைத்தார். அலை வந்தது, குமிழி ஓடியது.

"கொஞ்சம் ஆடாமல் பிடியுங்கோ."

"எதை ஐயா?" என்றார் சம்மாட்டியார்.

"கடலை."

எண்ணெய் வந்தது. வைக்கோல் கறுத்தது. உள்ளே கண்டல் பச்சையாகவே நின்றது. வேலி கிடந்த நாளெல்லாம் ஐயா கரையில் நின்று, குறுக்கே வந்த படகுகளை ஏசித் தீர்த்தார்: "சுத்திப் போங்கோ!"

வேலியை எப்போதோ அகற்றிவிட்டார்கள். ஐயாவும் மலைநாட்டுக்கு மாற்றலாகிவிட்டார். அங்கே எதுவும் மட்டமாக இருக்காது, பாவம்.

அண்மையில் சம்மாட்டியாரின் படகில் அந்தப் பக்கம் போனேன். கழிமுகத்தில், வெறும் தண்ணீரில், அவர் படகை வளைத்துத் திருப்பினார்.

"இங்க ஒண்டும் இல்லையே. ஏன் சுத்துறியள்?"

சம்மாட்டியார் கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஐயா ஏசுவார்."